சவேரியம்மா பக்கத்து இடம்

புட்டியின் மூடியைத் திறந்துவிட்டாள் பிரின்சி. வேளாங்கண்ணியிலிருந்து வந்த தீர்த்தப் புட்டி அது. மாதா உருவத்தில் வார்த்த பிளாஸ்டிக். நீல மூடிதான் மாதாவின் கிரீடம். கிரீடத்தை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் மாதாவைச் சாய்த்துப் பிடித்து, கட்டிலில் கிடந்த அப்பாவின் நெற்றிக்கு நேராகக் கொண்டுபோனாள். அதற்கு மேல் கை போகவில்லை.

"ஊத்துக்கா," என்றான் அந்தோணி, வாசற்படியில் நின்றபடி. "இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு கீற? நாலு சொட்டு. பிதா சுதன் பரிசுத்த ஆவி பேர்லன்னு சொல்லு. முடிஞ்சுது."

"நீ ஊத்தேன்."

"நான் ஊத்துனா நைனா எழுந்து வந்து அறையும்."

அவன் தம்பி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அப்பாவின் கைக்குப் பயந்தவன். அந்தக் கை இப்போது போர்வைக்கு வெளியே, ஈ உட்கார்ந்தாலும் ஓட்டத் தெம்பில்லாமல் கிடந்தது. பாதி ஆயுசை ரோலிங் மில் உலைக்கு முன்னால் கழித்த ஆதிகேசவனின் நெஞ்சுக்குள், மூச்சு நடைபாதை வியாபாரி மாதிரி அங்கங்கே நின்று நின்று போனது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கத்தோலிக்கருக்குள் ஒரு வழக்கம் உண்டு. உயிர் போகிற நேரத்தில் சாமியார் வர முடியாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஞானோபதேச வகுப்புக்குப் போனதில் அந்தோணிக்கு மறக்காமல் நின்றது அது ஒன்றுதான். இப்போது அதைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அக்காவை அரித்துக்கொண்டிருந்தான்.

அவன் அரிப்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆதிகேசவன் இந்து. பிரின்சியின் அம்மா சவேரியம்மா வேதக்காரி. மாமன் மகளைத்தான் கட்டுவேன் என்று நின்று, பிஷப்பிடம் அனுமதி வாங்கி, மதம் மாறாமலே மாதா கோவிலில் தாலி கட்டினவர் அவர். பிள்ளைகள் இரண்டுக்கும் ஞானஸ்நானம் என்றபோது சரி என்றார். கிறிஸ்துமஸுக்கு ஏணி போட்டு ஸ்டார் கட்டினார். தான் மட்டும் தலையைக் கொடுக்கவில்லை. அவருடைய அம்மா சாகும்போது பேரை மாற்ற மாட்டேன், எல்லையம்மனை விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆடி மாசம் ஊருக்குப் போய்க் கூழ்ப்பானை தூக்கிவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு பெண்டாட்டியை வண்டியில் வைத்துப் பூசைக்குக் கொண்டுபோய் விடுவார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தச் சிக்கலும் இருந்ததாகத் தெரியவில்லை.

சிக்கல் சவேரியம்மாவுக்குத்தான். கொரோனா ஓய்ந்த வருஷம் அவள் போனாள். கோவிலின் கல்லறைத் தோட்டத்தில், மில்லின் மதில்சுவரை ஒட்டிய கடைசி வரிசையில் கிடக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தை அவள் சாவதற்கு முன்பே கண் வைத்துவிட்டாள். "ஆபிரகாமும் சாராவும் ஒரே குகையிலதான் கீறாங்க," என்பாள். "அவ்ளோ பெரிய தேசத்தத் தரேன்னு சாமி வாக்குக் குடுத்துச்சு. கடைசில கைக்கு வந்தது பொண்டாட்டியப் பொதைக்க ஒரு குகை. அதுலயும் அவரு அசலூர்க்காரரு, அந்த ஊர்க்காரங்க காலுல உழுந்து வாங்குனாரு. எனக்கு அது போதும்." பண்ணையில் நாற்று நட்டே செத்த பரம்பரையில் வந்தவள். நிலம் என்று அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். என் பக்கத்தில் உங்கப்பாவைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினாள்.

தோட்டத்தில் இடம் குறைந்துபோனதால், ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு இடமில்லை என்று கோவில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவை கறாராகச் சொல்லிவிட்டது. போன வருஷம் ஒரு குடும்பத்தை அழ அழத் திருப்பி அனுப்பினார்கள். ஆதிகேசவனுக்கு இல்லையென்றால், அடுத்து யார் செத்தாலும் சவேரியம்மாவுக்குப் பக்கத்தில் அந்த ஆள்தான். யாரோ ஒருவர்.

எல்லாம் பிரின்சிக்குத் தெரியும். ஆனாலும் கை இறங்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது.

அம்மா சொன்னது அது. ஒரு தவக்காலத்தில், தெருப் பெண்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு வந்த சிஸ்டர் ஆபிரகாம் கதையை விளக்கினாராம். அந்தக் காலத்தில் இரண்டு பேர் உடன்படிக்கை செய்தால், மிருகங்களை வெட்டி இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போட்டு, நடுவில் இருவரும் நடப்பார்களாம். வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்று அர்த்தம். ஆபிரகாமும் வெட்டிப் போட்டுக் காத்திருந்தார். ஆனால் நடக்கிற நேரத்தில் அவருக்கு அசந்த தூக்கம் வந்துவிட்டது. கடவுள் மட்டும் நெருப்பாக நடுவில் நடந்து போனார். மனுஷன் தூங்கும்போது, அவனுக்கும் அவன் சந்ததிக்கும் சேர்த்து, மொத்த வாக்கையும் கடவுள் தன் ஒருவர் தலையிலேயே போட்டுக்கொண்டார் என்றாராம் சிஸ்டர். மற்றப் பெண்கள் ஆமென் சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். சவேரியம்மா யோசனை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஆதிகேசவன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, நாஷ்டா தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார். சொம்புத் தண்ணீரோடு போய் நெற்றியில் ஊற்றிவிட்டாள். "பேர மாத்தல," என்றாள் மகளிடம், ஏதோ பெரிய சலுகை காட்டியவள் போல. "ஆதிகேசவன்னு சொல்லித்தான் ஊத்துனேன். அவங்கம்மாவுக்குக் குடுத்த வாக்கு ஒண்ணு கீதில்ல. ஆபிரகாம் தூங்கசொல்ல சாமி பண்ணலாம், ஒங்கப்பன் தூங்கசொல்ல நான் பண்ணக் கூடாதா?"

அன்றைக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று பிரின்சிக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஞானஸ்நானம் ஒரு தடவைதான். அம்மா ஊற்றியது நிற்கும் என்றால் தான் ஊற்றுவது பாவம். நிற்காது என்றால் தான் ஊற்றுவதும் நிற்காது. இரண்டு தடவையும் அவர் சரி என்று சொல்லவில்லையே.

முந்தாநாள் பேச்சு இருந்தபோது கேட்டும் பார்த்தாள். அம்மா பக்கத்தில் படுக்கணுமா என்றாள். வேற எங்க படுப்பேன் என்றார். அப்படியானால் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்தோணி அலுத்துப்போய்த் தெருப்பக்கம் இறங்கியதும் பிரின்சி கிரீடத்தைத் திருகி மூடினாள். குடத்திலிருந்து சாதாரணத் தண்ணீரை எடுத்து, பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்தாள். உதடு லேசாக அசைந்து ஈரத்தை வாங்கியது. வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. அந்தச் சத்தம் அடங்கியபோது மூச்சுச் சத்தமும் அடங்கியிருந்தது. அவள் அடுத்த மூச்சுக்காகப் பஞ்சைப் பிடித்தபடியே காத்திருந்தாள். அந்தோணி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. சாவு வீட்டில் மகளுக்கு ஆயிரம் வேலை. ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. பந்தல் வந்தது. பக்கத்து வீட்டுத் திலகவதி வந்து, அப்பாவுக்கு எந்த வேட்டி, சட்டை உண்டா, எத்தனை பேருக்கு டீ என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். அந்தோணி கோவிலுக்கு ஓடினான். சாமியார் திருவள்ளூரில் ஒரு கூட்டத்தில் இருக்கிறார், மதியத்துக்கு மேல் வருவார் என்றார்கள். அக்கா எப்படியும் ஊற்றியிருப்பாள் என்ற நினைப்பில் போனவன், திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். பந்தல் கட்டுகிறவர்களிடம் போய்விட்டான்.

பெரியப்பா முனுசாமி வருவார் என்று தெரியும். மேளத்தோடு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். வேட்டி மடிப்பில் வாய்க்கரிசி, அக்குளில் கோடித்துணி. மேளக்காரர்கள் இறங்கிய கையோடு வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்ட ஆரம்பித்தார்கள்.

தம்பியை உற்றுப் பார்த்தார் முனுசாமி. கண்ணாடி மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்திருக்க வேண்டும், உடனே எடுத்துக்கொண்டார். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பி, நேரமாக்காமல் தூக்க வேண்டும் என்றார்.

"எங்க தூக்கறது?" என்றான் அந்தோணி.

"ஊருக்குத்தான். எங்கம்மா பக்கத்துல."

"எங்கம்மா பக்கத்துல குழி கீது, பெரிப்பா."

"எங்கம்மா சாவசொல்ல அது தலையத் தொட்டு இவன் சத்தியம் பண்ணிகிறான். நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். ஒங்க கோயில்ல இவனுக்கு எடம் குடுப்பாங்களா? கேட்டுக்கினு வந்தியா?"

அந்தோணிக்கு அங்கேதான் வலித்தது. நீ இத்தனை வருஷத்தில் எத்தனை நாள் எங்கப்பாவை வந்து பார்த்தாய் என்று கத்தினான். அது முழுப் பொய்யும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரு காலத்தில் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். சண்டை போட ஒரு குழி நிலம்கூட இல்லாத அண்ணன் தம்பிக்குள் அப்படி என்ன தகராறு என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. ஆதிகேசவனைக் கேட்டால், அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் கீது என்று பேச்சை மாற்றுவார். பிறகு எப்படியோ ஒருநாள் ஒட்டிக்கொண்டார்கள். அதற்கும் காரணம் யாருக்கும் தெரியாது.

இரண்டு பக்கத்து ஆட்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஊர்க்காரன் ஒருவன் அந்தோணியின் சட்டையைப் பிடித்தான். தெருப் பெண்கள் ஜெபமாலையை நிறுத்திவிட்டார்கள். பிரின்சி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, இவர்கள் அடித்துக்கொண்டு பெட்டியின் மேலேயே விழுந்துவிடுவார்களோ என்று பயந்து, மூடியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் பெற்ற தாய்க்குக் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் கட்டிய பெண்டாட்டியின் ஆசை. நடுவில் கிடக்கிற மனுஷன் யார் பக்கம் என்று சொல்ல அவரால் இனி ஆகாது. உயிரோடு இருந்தபோதும் அவர் வாயைத் திறந்து சொன்னதில்லை.

சாமியாரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத்தான் சட்டையைப் பிடித்தவன் விட்டான். தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர் அவர், இந்தப் பங்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கூடவே பேரவை ஆட்கள் இரண்டு பேர். சாமியார் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றார். சிலுவை போடலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கினது பிரின்சிக்குத் தெரிந்தது.

அந்தத் தயக்கத்தை அந்தோணியும் பார்த்துவிட்டான். நேராக அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"அக்கா தண்ணி ஊத்திட்டா ஃபாதர். காலைல. உயிரு போறதுக்கு முன்னாடி."

சாமியாரின் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான். அவருக்கும் சாவு வீட்டில் இடமில்லை என்று சொல்ல ஆசையா என்ன. பிரின்சியிடம் வந்து குனிந்தார்.

"ஊத்தினீங்களா பிரின்சி?"

ஆமா என்று ஒரு வார்த்தை. அவளும் அப்பாவும் மட்டும்தான் கட்டிலருகே இருந்தார்கள். யாரும் வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தையில் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும். தம்பி முகத்தில் உயிர் வரும். பேரவை ஆட்கள் கைகட்டி நின்றார்கள். பெரியப்பா எதிர்ப்புறம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கண்ணாடிக்கு அடியில் அந்த முகம் இருந்தது. ஆயுசு முழுக்கத் தன்னைப் பற்றிப் பொய் சொல்லாத முகம். கடைசி நாளில் தான் போய் அவருக்கு ஒரு பொய்யைப் போர்த்த முடியாது என்று தோன்றியது. அம்மா, என்னை மன்னிச்சிடு என்று மனசுக்குள் சொன்னாள்.

"இல்ல ஃபாதர். நான் ஊத்தல."

அந்தோணி தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா ஊத்துனாங்க," என்றாள் பிரின்சி. "முன்னயே. நைனா தூங்கசொல்ல."

பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். நைட் ஷிஃப்ட், சொம்புத் தண்ணீர், ஆபிரகாமின் தூக்கம், பேரை மாற்றாமல் ஊற்றினது எல்லாம். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. பேரவை ஆள் ஒருவர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். திலகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முனுசாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

சாமியார் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா ஆசையில செஞ்சிருக்காங்க. நான் குத்தம் சொல்லல. ஆனா வளர்ந்த ஆளுக்கு அவர் மனசு இல்லாம ஊத்தினா அது வெறும் தண்ணிதாம்மா."

"ஆபிரகாமும் தூங்குனாரே ஃபாதர்."

"தூங்கினார். தூங்கறதுக்கு முன்னாடி நம்பினார். வானத்து நட்சத்திரத்தக் காட்டி உன் சந்ததி இப்படி இருக்கும்னு கடவுள் சொன்னப்ப, கையில ஒரு பிள்ளகூட இல்லாதவர் நம்பினார். அதுக்கப்புறம்தான் அந்தத் தூக்கம்." குரலைத் தணித்துக்கொண்டார். "அப்பா ஒரு தடவையாவது வேணும்னு சொன்னாரா?"

அம்மா தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு மற்றதைச் சிஸ்டரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். முந்தாநாள் அவர் கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்லலாமா என்று பிரின்சி நினைத்தாள். அது எப்படிச் சம்மதம் ஆகும்?

சாமியார் எழுந்தார். இங்கேயே வைத்து நல்லபடியாக ஜெபம் செய்கிறேன், ஊர் எல்லை வரை கூட நடந்து வருகிறேன், தோட்டம் மட்டும் முடியாது, ஒருத்தருக்கு ஒரு நியாயம் இன்னொருத்தருக்கு ஒரு நியாயம் செய்தேன் என்றால் போன வருஷம் திரும்பிப் போனவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். சொல்லும்போது அவர் குரலும் நன்றாக இல்லை. அவர் சொன்னதில் பிசகு எதையும் பிரின்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத ஆத்திரம். அம்மாவின் பக்கத்து இடம் போய்விட்டது. அவள் வாயாலேயே போய்விட்டது.

ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். வெளியே மேளம் ஒரு தட்டுத் தட்டியது. மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு முனுசாமி பெட்டிக்கு அருகில் வந்தார். கோடித்துணியைப் பிரித்துத் தம்பியின் மார்பில் போர்த்தினார். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். வேட்டி மடிப்பிலிருந்து அரிசியை எடுத்தவர், அதை வாயில் போடாமல் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். மேளம் வேகம் பிடித்தது. அவர் நின்றுகொண்டேயிருந்தார். ஜெயித்த ஆள் நிற்கிற மாதிரி இல்லை.

"நிறுத்துங்கடா," என்றார்.

மேளம் நின்றது.

"அவன் தூங்கல."

என்ன சொல்கிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. சாமியார்தான், யார் ஐயா என்று கேட்டார்.

"இவன்தான். அவ தண்ணி ஊத்துன அன்னிக்கி. முழிச்சிக்கினுதான் கெடந்திருக்கான்."

பிரின்சி எழுந்து நின்றாள்.

அந்த வருஷம் ஆடிக்குக் கூழ்ப்பானை தூக்க வந்தபோது, எல்லையம்மன் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தம்பி தன்னிடம் சொன்னான் என்றார் முனுசாமி. சிரித்துக்கொண்டே சொன்னானாம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால் ஷீட்டு வீட்டு வெக்கையில் எவனுக்குத் தூக்கம் வரும்? அவள் சொம்போடு வரும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. அவள் ஊற்றியதில் பாதித் தண்ணீர் காதுக்குள் போய்விட்டது. குடைச்சல் தாங்கவில்லை. இருந்தாலும் அவள் எழுந்து போகிற வரைக்கும் அசையாமல் கிடந்தானாம்.

"ஏன்டா சும்மா கெடந்தன்னு கேட்டேன். அம்மாவுக்குக் குடுத்தது வாய்வாக்கு, அதுக்கு வாயத் தொறக்கல. இவ ஆசைக்குக் கண்ணத் தொறக்கலன்னான். விட்டேன் ஒரு அறை. அம்மன் சன்னிதியாச்சேன்னுகூடப் பாக்கல."

அந்தோணி தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்கப்புறம் ரெண்டு வருசம் நான் அவங்கூட பேசல. தப்புப் பண்ணிட்டேண்ணான்னு ஒரு வார்த்த சொல்லு, வந்துடறேன்னு ஆள் உட்டேன். திரும்பத் திரும்ப உட்டேன். சொல்லலயே." முனுசாமி கோடித்துணியின் ஓரத்தை மறுபடியும் இழுத்துவிட்டார். "வோணா வந்து என்னப் பாரு, சாப்புடு, சண்ட போடு, அத மட்டும் கேக்காதன்னு சொல்லி அனுப்புனான். கடைசில நான்தான் போனேன்."

சாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க இதச் சொல்லாமயே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்தான்," என்றார் முனுசாமி. கைக்குள் இருந்த அரிசியைப் பார்த்தார். "பொய்யா இட்டுக்கினு போயி இன்னா பண்றது சாமி. எங்கூர்ல படுத்துக்கினு இந்தப் பக்கமேதான் பாத்துக்கினு கெடப்பான்."

பிரின்சிக்கு அப்போதுதான் முந்தாநாள் புரிந்தது. தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாரே, அது வேண்டாம் என்பதற்கு இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் சரி என்றிருக்கிறார். பெண்டாட்டிக்குச் சொன்ன மாதிரியே மகளுக்கும் சொல்லியிருக்கிறார். அவளுக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. காலையிலிருந்து வராத அழுகை வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நைனா நைனா என்று வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. திலகவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

பேரவை ஆட்களில் ஒருவர் சாமியாரின் காதருகே ஏதோ சொல்லப் போனார். சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"குழி எங்க வெட்டணும்னு தெரியும் இல்ல?" என்று அவரிடமே கேட்டார்.

"தெரியும் ஃபாதர். சவேரியம்மா பக்கத்துல."

"அப்பப் போய் ஆளச் சொல்லுங்க."

முனுசாமி இன்னும் அரிசியோடு நின்றார். போடலாமா கூடாதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, திரும்பி நின்று பக்கம் தேட ஆரம்பித்தார். அடையாள நாடா போட்டு வைத்திருந்த பக்கத்தை அவர் அத்தனை நேரம் தேடினார். முனுசாமி தம்பியின் வாயில் அரிசியைப் போட்டார். விரலால் உதட்டை ஒட்டித் துடைத்தார். அதற்குப் பிறகுதான் சாமியாருக்குப் பக்கம் கிடைத்தது.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். கோவில் முனை வரைக்கும் மேளம் போனது. அங்கே தானாக நின்றுகொண்டது. அங்கிருந்து பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் தோள் கொடுத்த அந்தோணி, பின்னால் தோள் கொடுத்த பெரியப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். கால் தடுக்கிவிடப் போகிறது, நேராகப் பார்த்து நட என்று முனுசாமி அதட்டினார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியைக் கைமாற்றினார்கள். குழி தயாராக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. சாமியார் சத்தம் போட்டுத்தான் ஜெபிக்க வேண்டியிருந்தது. ஆபிரகாமின் கடவுளே, ஈசாக்கின் கடவுளே, யாக்கோபின் கடவுளே என்று அவர் கூப்பிட்டது கம்பிகள் உருளுகிற இரைச்சலுக்கு மேலே விட்டு விட்டுக் கேட்டது. பெட்டி இறங்கியது. சவேரியம்மாவின் சிமெண்டு மேடையிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் கீழே.

மண் போடச் சொல்லி நெருங்கின உறவைக் கூப்பிட்டார்கள். அந்தோணி போட்டான். அடுத்தது அண்ணன் என்றார் சாமியார். ஆளைக் காணவில்லை.

பிரின்சி திரும்பிப் பார்த்தாள். முனுசாமி வாசற்கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். பெட்டியைக் கைமாற்றிவிட்ட இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. பேரவை ஆள் ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டும் வரவில்லை. கோபமோ என்று பயந்து அவள் வேகமாகப் போனாள்.

"பெரிப்பா, வாங்க. மண்ணு போடணும்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"செருப்ப எங்க உடறது?" என்றார்.

உள்ளே எல்லோரும் செருப்போடுதான் நின்றார்கள். சாமியார் ஷூ போட்டிருந்தார்.

"இங்கயே உடுங்க பெரிப்பா," என்றாள் பிரின்சி. அவர் கதவோரமாகக் கழற்றி வைத்தார். அவளும் தன்னுடையதைக் கழற்றி, அதற்குப் பக்கத்தில் விட்டாள்.